38 ஆட்டங்கள்



இன்று ஒரு விளையாட்டுப் பயிற்சியாளரைப் பற்றிப் பேசப்போகிறேன். அவர் பெயர் நெட் ஹார்க்னெஸ். கனடா நாட்டின் தலைநகரான ஒட்டாவாவில் பிறந்து, அமெரிக்காவில் பயிற்சியாளராகப் பணியாற்றியவர். இரண்டு விளையாட்டுகளைக் கற்றுக்கொடுத்தார்: ஒன்று ஹாக்கி, மற்றொன்று லாக்ரோஸ். அவரைப் பற்றிய இரண்டு கணக்குகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கார்னெல் பல்கலைக்கழக லாக்ரோஸ் அணிக்கு மூன்று ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார். அந்த மூன்று ஆண்டுகளிலும் சேர்த்து 35 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. பிறகு அமெரிக்காவின் தொழில்முறை ஹாக்கியில், டெட்ராய்ட் ரெட் விங்ஸ் என்ற புகழ்பெற்ற அணிக்குப் பயிற்சியாளராக அமர்த்தப்பட்டார். அங்கே அவர் நின்றது 38 ஆட்டங்கள். 12 வெற்றி, 22 தோல்வி, 4 சமன்.

இரண்டும் ஒரே மனிதருடைய கணக்குகள்தான். இடையில் சில ஆண்டுகளே கடந்திருந்தன. அவருக்கு அறிவு மங்கிவிடவில்லை, உழைப்பும் குறையவில்லை. பின் என்னதான் நடந்தது? அதைத்தான் உங்களோடு சேர்ந்து கொஞ்சம் யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

லாக்ரோஸ் என்றால் என்னவென்று நம்மில் பலருக்குத் தெரியாது. நம் ஊர்களில் அது ஆடப்படுவது அரிது. நீண்ட கோலின் நுனியில் ஒரு சிறு வலைப்பை இருக்கும். கெட்டியான ரப்பர் பந்தை அந்த வலைக்குள் ஏந்திக்கொண்டு ஓடுவார்கள், வலையிலிருந்தே இன்னொருவருக்கு வீசுவார்கள், வலையாலேயே பிடிப்பார்கள். கையால் தொடக் கூடாது. ஆண்கள் திறந்தவெளி மைதானத்தில் ஆடும்போது ஓர் அணிக்கு பத்துப் பேர். ஆறடிக்கு ஆறடி சதுரமான கோலுக்குள் பந்தைப் போட வேண்டும்.

வட அமெரிக்காவின் பழங்குடி மக்கள் உலகுக்குத் தந்த ஆட்டம் அது. படைத்தவர் தந்த ஆட்டம் என்று இரோக்குவா மக்கள் இன்றும் அதை மதித்துப் போற்றுகிறார்கள். இதில் நம் திரு அவையோடும் ஒரு தொடர்பு உண்டு. 1630-களில் கனடாவில் ஹூரோன் மக்களிடையே பணியாற்றிய இயேசு சபைக் குரு, பின்னர் மறைசாட்சியாக உயிர்நீத்த புனித ழான் தெ பிரெபெஃப், இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஊரில் ஒருவர் நோயுற்றால், அவர் குணமாவதற்காக ஊரே கூடி இந்த ஆட்டத்தை ஆட வேண்டும் என்று அவர்களுடைய வைத்தியர் சொல்வதுண்டாம். பிரெபெஃபுக்கு அந்த வைத்தியத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும், நோயாளி ஒருவருக்காக ஊர் திரண்டு ஓடுவதைப் பார்த்து எழுதி வைத்தாரே, அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பிரெஞ்சு மொழியில் 'குரோஸ்' என்றால் வளைந்த கோல். ஆயர் கையில் ஏந்தும் செங்கோலுக்கும் அம்மொழியில் அதே பெயர்தான்.

ஹாக்கி என்று சொன்னவுடன் நமக்கு நினைவுக்கு வருவது புல்தரை. அங்கே பனிக்கட்டித் தரை. காலில் இரும்புச் சறுக்குக் காலணி, பந்துக்குப் பதில் ரப்பர் வட்டு, ஓர் அணிக்கு கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர். இந்த ஹாக்கிக்கும் லாக்ரோஸுக்கும் பார்வையில் ஒற்றுமை இல்லை. ஆனால் ஆடுகிறவர்களுக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. இரண்டிலும் கோலுக்குப் பின்னாலும் இடம் இருக்கிறது, பின்னால் சுற்றிப் போய் முன்னால் நிற்பவருக்குக் கொடுக்கலாம். இரண்டிலும் தவறு செய்தவர் சற்று நேரம் வெளியே உட்கார வேண்டும், அதுவரை அவருடைய அணி ஓர் ஆள் குறைவாகத்தான் ஆடும். கனடாவில் குளிர்காலத்தில் ஹாக்கி ஆடிய பிள்ளைகளில் பலர் கோடையில் லாக்ரோஸ் கோலை எடுத்துக்கொள்வார்கள். 1994-இல் கனடா நாடாளுமன்றம் ஹாக்கியைக் குளிர்கால தேசிய விளையாட்டாகவும் லாக்ரோஸைக் கோடைகால தேசிய விளையாட்டாகவும் சட்டமே இயற்றியது. ஆகவே ஒரே மனிதர் இரண்டையும் கற்றுக்கொடுத்தார் என்பதில் வியப்பில்லை. இரண்டிலும் நாட்டின் முதலிடத்துக்குத் தம் பிள்ளைகளைக் கொண்டுபோனார் என்பதுதான் வியப்பு.

நியூயார்க் மாநிலத்தில் டிராய் என்றொரு தொழில் நகரம். அங்கே ரென்சலேர் பாலிடெக்னிக் என்ற பொறியியல் கல்லூரி. விளையாட்டுக்குப் பேர்போன கல்லூரி அல்ல. ஹார்க்னெஸ் முதலில் அங்கே லாக்ரோஸ் பயிற்சியாளராக இருந்தார். 1948-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டியின்போது லாக்ரோஸ் ஒரு காட்சி ஆட்டமாக நடத்தப்பட்டது. அமெரிக்கா சார்பில் வெம்பிளி அரங்கில் இறங்கியது இந்தப் பொறியியல் கல்லூரி மாணவர்கள்தான். அகில இங்கிலாந்து அணியோடு மோதி 5-5 என்று சமன் செய்தார்கள். வெம்பிளி என்றதும் நமக்கு வேறொன்றும் நினைவுக்கு வர வேண்டும். அதே ஒலிம்பிக்கில், அதே அரங்கில்தான் சுதந்திர இந்தியா தன் முதல் ஹாக்கித் தங்கத்தைப் பிரிட்டனை 4-0 என வீழ்த்திப் பெற்றது.

1952-இல் ஹார்க்னெஸின் லாக்ரோஸ் அணி வர்ஜீனியா பல்கலைக்கழகத்தோடு தேசியப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. அதற்கு முன்பே கல்லூரி அவரிடம் ஹாக்கி அணியையும் புதிதாக உருவாக்கும் பொறுப்பைக் கொடுத்திருந்தது. ஆடுகளமாக அமைந்தது போர்க்காலக் கடற்படைக் கிடங்கு ஒன்று. ரோட் தீவு மாநிலத்தில் இருந்த கிடங்கைப் பிரித்து டிராய்க்குக் கொண்டுவந்து மறுபடியும் நிறுத்தினார்கள். 1949-இல் அதற்குள்தான் பனித்தரை போட்டார்கள். ஐந்தாவது பருவத்திலேயே, 1954-இல், அந்த அணி அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் பட்டம் வென்றிருந்த மிச்சிகனை அரையிறுதியிலும், மின்னசோட்டாவை இறுதியில் கூடுதல் நேரத்தில் 5-4 எனவும் தோற்கடித்துத் தேசிய சாம்பியன் ஆனது. பழைய கிடங்கில் வளர்ந்த அணி!

1963-இல் அவரைக் கார்னெல் பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. இத்தாக்கா என்ற சிறு நகரம், ஏரிக்கரை, குன்றின் மேல் கல்லூரி. ஏழு ஆண்டுகள் அங்கே ஹாக்கி பயிற்சி கொடுத்தார். 163 வெற்றி, 27 தோல்வி, 2 சமன். 1967-இல் தேசியப் பட்டம். இரண்டு வெவ்வேறு கல்லூரிகளுக்கு ஹாக்கி பட்டம் வாங்கிக்கொடுத்த முதல் பயிற்சியாளர் அவர்தான். நடுவே 1966 முதல் 1968 வரை லாக்ரோஸையும் தம் தோளில் ஏற்றிக்கொண்டார். நான் முதலில் சொன்ன 35 வெற்றியும் ஒரு தோல்வியும் அப்போது வந்தவை. 1970-இல் ஹாக்கி அணி ஆடிய 29 ஆட்டங்களிலும் வென்றது. லேக் பிளாசிட் என்ற மலைநகரில் நடந்த இறுதியாட்டத்தில் கிளார்க்சன் கல்லூரியை 6-4 என வென்றது. ஒரு தோல்வியும், ஒரு சமனும் இல்லாமல் அந்தப் பட்டத்தை வென்ற அணி இன்றுவரை அது ஒன்றே.

இங்கே கொஞ்சம் நிறுத்துவோம். நீங்கள் அவருடைய இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? ஏரிக்கரை ஊரில் வேலை நன்றாகப் போகிறது. பிள்ளைகள் உங்கள் சொல்லைக் கேட்கிறார்கள். அப்போது ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. நாட்டின் மிகப் பெரிய களத்துக்கு, அதிகப் பணத்துக்கு, அதிகப் பெயருக்கு வாருங்கள் என்கிறார்கள். போகத்தான் செய்வோம். அவரும் போனார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அழைப்பு வருவதும் அதற்கு ஆசைப்படுவதும் பாவம் அல்ல.

1970 இலையுதிர்காலத்தில் அவர் டெட்ராய்ட் அணியின் பயிற்சியாளராக நின்றார். முந்தைய பருவத்தில் நன்றாகவே ஆடியிருந்த அணி அது. அணியில் கோர்டி ஹோவ் இருந்தார். அந்த நாட்டில் ஹாக்கி என்றால் அவர் பெயரைச் சொல்லாமல் பேச்சு முடியாது. வயது 42, அது அவருக்கு 25-ஆவது பருவம். அவரைச் சுற்றிலும் பல ஆண்டுகள் அனுபவமுள்ள வீரர்கள். பிழைப்புக்காக ஆடுகிறவர்கள், குடும்பம் குட்டியோடு இருக்கிறவர்கள். பதினெட்டு வயதுப் பையனைத் தட்டியெழுப்பும் சொல், நாற்பது வயதுக்காரரை எரிச்சல்தான் படுத்தும். கல்லூரியில் பிள்ளைக்கு நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. தவறு செய்தால் அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம். அங்கேயோ அடுத்த வாரம் வேறு ஊர் அணிக்கு விற்றுவிடுவார்கள். நெட் ஹார்க்னெஸுக்குத் தெரிந்தது வளர்ப்பது. டெட்ராய்ட்டில் இருந்தவர்கள் வளர்ந்து முடித்தவர்கள்.

அந்த வீரர்கள் மீது எல்லாப் பழியையும் போடுவது நியாயம் அல்ல என்பது என் கருத்து. ஹார்க்னெஸ் பிடிவாதக்காரர். ஓர் இடத்தில் பலித்த முறை எல்லா இடத்திலும் பலிக்கும் என்று நம்பினார். அதுவும் வெற்றி செய்கிற வேலைதான். தோற்றவர் மாற்றிப் பார்ப்பார், 29 ஆட்டங்களும் வென்றவர் எதை மாற்றுவார்?

1971 ஜனவரி 2-ஆம் நாள் டொராண்டோவில் டெட்ராய்ட் 13-0 என்று தோற்றது. வீரர்கள் அவருக்கு எதிராக எழுந்தார்கள். அணியின் பொது மேலாளர் சிட் ஏபெல் அவரை நீக்க வேண்டும் என்றார். உரிமையாளர் புரூஸ் நோரிஸ் அதற்கு இணங்கவில்லை. ஏபெல் பதவி விலகினார். விந்தையைப் பாருங்கள், அந்தப் பொது மேலாளர் நாற்காலியிலேயே ஹார்க்னெஸை உட்கார வைத்தார்கள். பயிற்சியாளராக அவர் கண்டது 38 ஆட்டங்களோடு முடிந்தது. கார்னெலில் ஏழு ஆண்டுகளில் 27 முறை தோற்றவர், இங்கே சுமார் மூன்று மாதங்களில் 22 முறை தோற்றிருந்தார். மேலாளராக இருந்த ஆண்டுகளிலும் அணி இறுதிச் சுற்றுப் போட்டிகளுக்குத் தகுதி பெறவில்லை. ஹார்க்னெஸ் என்ற பெயரை 'டார்க்னெஸ்', அதாவது இருட்டு என்ற ஆங்கிலச் சொல்லோடு எதுகை சேர்த்து, அந்தக் காலத்தையே இருண்ட காலம் என்று ஊர் ரசிகர்கள் கேலி பேசினார்கள். சில ஆண்டுகளில் அவர் அங்கிருந்து விலகினார்.

நேயர்களே, தாலந்து உவமை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். தலைவர் தம் பணியாளர்கள் எல்லாருக்கும் ஒரே அளவு கொடுக்கவில்லை. ஆளைப் பார்த்துக் கொடுத்தார். நாம் எப்போதும் ஐந்தா, இரண்டா, ஒன்றா என்ற எண்ணிக்கையையே பேசுகிறோம். ஆளைப் பார்த்தார் என்பதைப் பேசுவதில்லை. நம் ஊரில் நல்ல ஆசிரியர் ஒருவர் இருந்தால் நாம் என்ன செய்கிறோம்? பிள்ளைகளை எழுத்துக்கூட்டி வாசிக்க வைப்பதில் அவரைப் போல் ஆள் கிடையாது என்று தெரிந்தவுடன், வகுப்பறையிலிருந்து எடுத்து அலுவலகத்தில் கோப்பு பார்க்க வைக்கிறோம். அதற்குப் பெயர் பதவி உயர்வு. மறுப்பு சொன்னால், பிழைக்கத் தெரியாதவர் என்கிறோம். துறவற சபைகளும், ஏன், மறைமாவட்டங்களும் இதற்கு விலக்கல்ல.

இன்னொரு பக்கமும் உண்டு. பெரிய இடத்துக்குப் போய் அங்கே நிலைக்க முடியாமல் ஊர் திரும்பியவர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். வளைகுடாவுக்குப் போய் ஆறு மாதத்தில் வந்தவர், சென்னையில் பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்து ஓராண்டில் இழந்தவர், மருத்துவம் படிக்கப் போய்ப் பாதியில் நின்ற பிள்ளை. அவர்கள் ஞாயிறு திருப்பலிக்குக் கடைசி வரிசையில் வந்து நின்று, முடிவதற்கு முன்பே போய்விடுகிறார்கள். வாசலில் காத்திருந்து, "எப்ப வந்தீங்க? மறுபடி எப்ப போறீங்க?" என்று கேட்க நாம் இருக்கிறோமே, அந்தப் பயம். அதற்கு முன் இருபது ஆண்டுகள் அவர் நன்றாகச் செய்ததெல்லாம் அந்த ஆறு மாதத்தில் அழிந்துபோனதாக நாம் நடந்துகொள்கிறோம். அவரும் அதை நம்பத் தொடங்கிவிடுகிறார். அங்கேதான் ஆபத்து.

மாற்கு என்னும் யோவானை நினைத்துப் பாருங்கள். பவுலோடும் பர்னபாவோடும் முதல் பெரிய பயணத்துக்குப் புறப்பட்டவர். பம்பிலியாவில் அவர்களை விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டார். ஏன் என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்லவில்லை. அடுத்த பயணத்தில் பர்னபா அவரை மறுபடி சேர்த்துக்கொள்ள விரும்பினார். பவுல் முடியாது என்றார். அந்த வாக்குவாதத்தில் இரு பெரியவர்களே பிரிந்துபோனார்கள். பர்னபா மாற்கைக் கூட்டிக்கொண்டு சைப்பிரசுக்குக் கப்பல் ஏறினார். ஊரறிந்த தோல்வியாளர் ஒருவருக்காகப் பவுலையே விட்டுக்கொடுத்த மனிதர்! பிற்காலத்தில் சிறையிலிருந்து பவுல் எழுதும்போது, மாற்கைத் தம்மிடம் கூட்டிவரச் சொல்கிறார், அவர் தமக்குப் பயன்படுவார் என்கிறார். அந்த மாற்குதான் நற்செய்தி எழுதியவர் என்பது திரு அவையின் மரபு.

நெட் ஹார்க்னெஸின் கதையில், அவர் அவமானப்பட்ட அதே 1971-இல் வேறு இரண்டு காரியங்கள் நடந்தன. கார்னெலில் அவரிடம் பயின்ற கோல்கீப்பர் கென் டிரைடன். 1967-இல் பட்டம் வென்ற அணியில் கோலைக் காத்தவர் அவர்தான். 1971 வசந்தத்தில் மான்ட்ரியல் அணிக்காகத் தொழில்முறைக் களத்தில் இறங்கினார். ஆறே ஆறு ஆட்டங்கள் ஆடிய புதியவர். இருந்தும் கோப்பைக்கான போட்டிகளில் அவரையே கோலில் நிறுத்தினார்கள். மான்ட்ரியல் ஸ்டான்லி கோப்பையை வென்றது, தொடரின் சிறந்த வீரர் விருது டிரைடனுக்குக் கிடைத்தது. அதே அணியில் கோல்களைக் குவித்தவர் பிராங்க் மகாவ்லிச். அந்த ஜனவரியில்தான் ஹார்க்னெஸின் டெட்ராய்ட் அவரை மான்ட்ரியலுக்குக் கொடுத்திருந்தது. இதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஹார்க்னெஸ் என்ன செய்திருப்பார் என்றும் எனக்குத் தெரியாது.

மற்றொன்று லாக்ரோஸில். கார்னெலில் அவர் விட்டுச்சென்ற அணியை 1969-இல் ரிச்சி மோரன் என்பவர் ஏற்றார். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசிய லாக்ரோஸ் போட்டி முறைப்படி முதன்முதலாக நடத்தப்பட்டது 1971-இல். அந்த முதல் பட்டத்தை மேரிலாந்தை 12-6 என வென்று எடுத்தது கார்னெல். பட்டம் மோரனுடையது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த நிலத்தை அவருக்கு முன் ஒருவர் உழுது வைத்திருந்தார் என்பதையும் ஊர் அறியும்.

சரி, ஹார்க்னெஸ் பிறகு என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஸ்கெனக்டடி நகரில் யூனியன் என்றொரு சிறிய கல்லூரி புதிதாகப் பனித்தளம் கட்டிக்கொண்டிருந்தது. அணி இல்லை. 1975-இல் அவரைக் கூப்பிட்டார்கள். டெட்ராய்ட்டில் நடந்ததை அறியாமல் கூப்பிட்டிருக்க முடியாது, நாடே அறிந்த கதை அது. போனார். மறுபடி ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஓர் அணியைக் கட்டினார், மறுபடி வென்றார். ஆனால் பிடிவாதமும் கூடவே போயிருந்தது. 1977 டிசம்பரில் நிர்வாகத்தோடு முரண்பட்டு, பருவத்தின் நடுவிலேயே விலகிவிட்டார். டெட்ராய்ட்டில் அவர் போக வேண்டும் என்று வீரர்கள் கேட்டார்கள். யூனியனில் அவர் போனதும் மாணவர்களும் அணியை விட்டு வெளியே வந்துவிட்டார்கள்.

பின்னர் கிளென்ஸ் ஃபால்ஸ் என்ற சிற்றூருக்கு 1979-இல் ஒரு தொழில்முறை ஹாக்கி அணி வந்தபோது அதற்குப் பின்னால் இருந்து உழைத்தவர்களில் அவரும் ஒருவர். 1980 குளிர்கால ஒலிம்பிக்குக்காக லேக் பிளாசிட்டில் கட்டிய பனித்தளங்களையும் மலைச்சரிவுகளையும் பராமரிக்க மாநில அரசு ஓர் அமைப்பை ஏற்படுத்தியபோது, அதன் முதல் தலைவராக இருந்து, தம் பிள்ளைகள் 29-ஆவது வெற்றியைப் பெற்ற அதே ஊரில், அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் சறுக்கிப் பழக வழி செய்தார். அமெரிக்க ஹாக்கிப் புகழ்க்கூடம் 1994-இல் அவர் பெயரைச் சேர்த்தது. தேசிய லாக்ரோஸ் புகழ்க்கூடம் 2001-இல் சேர்த்தது. 2008 செப்டம்பரில் அவர் காலமானார்.